42-ஆம் எண் சட்டைக்காரர்

நம் கல்லூரி விளையாட்டு விழாவிலே சுழற்கோப்பை கொடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா, நண்பர்களே? கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறவனைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். கை தட்டுகிறோம், விசில் அடிக்கிறோம். கோப்பையின் அடிப்பலகையில் இன்னாரின் நினைவாக என்று ஒரு பெயர் பொறித்திருக்கும். அவர் யார், என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. வாங்கினவனே கேட்பதில்லை!

1949-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒருவர் அப்படி ஒரு பரிசு வாங்கினார். பேஸ்பால் ஆட்டத்தில் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த, அணிக்கு மிகவும் பயன்பட்ட ஆட்டக்காரர் என்ற பரிசு. விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு 1931 முதல் கொடுத்து வருகிறார்கள். அந்தப் பட்டயத்தில் 1944 முதல் கெனெசா மவுண்டன் லாண்டிஸ் என்ற பெயர் பெரிதாகப் பொறிக்கப்பட்டு வந்தது. லாண்டிஸ் ஒரு நீதிபதி. 1920 முதல் 1944-ல் சாகும் வரை பேஸ்பாலுக்கே அவர்தான் கமிஷனர். 1919-ல் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாகப் புகார் எழுந்த 8 ஆட்டக்காரர்களை ஆயுளுக்கும் விலக்கி வைத்து, ஆட்டத்தின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவர் பதவியில் இருந்த அத்தனை வருஷத்திலும் ஒரு கறுப்பினத்தவர்கூடப் பெரிய லீக்கில் கால் வைக்கவில்லை. வரக்கூடாது என்று எழுதின சட்டம் ஒன்றும் கிடையாது. வரவில்லை, அவ்வளவுதான்!

1949-ல் அந்தப் பட்டயத்தை வாங்கினவர் ஒரு கறுப்பர். பெயர் ஜாக்கி ராபின்சன்.

நம்ம ஊரில் வட்டத்துக்கு வட்டம் கிரிக்கெட் டீம் உண்டு, பேஸ்பால் கிடையாது. ஸ்கூலில் சாஃப்ட்பால் ஆடினவங்களுக்குக் கொஞ்சம் பிடிபடும். மற்றவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சதுரமாக நான்கு தளங்கள். பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும் மட்டையால் அடித்துவிட்டு, தளம் தளமாக ஓடி, நான்கையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பந்தை அடிக்கும் வரை காத்திருக்காமல், வீசுகிறவர் கையை ஓங்கும் நொடியிலேயே அடுத்த தளத்துக்கு ஓடிவிடலாம். இதற்குத் திருட்டு என்றே பெயர். சட்டப்படி செல்லும் திருட்டு! கடைசித் தளத்தைத் திருடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பந்து போய்ச் சேருகிற இடத்துக்கே, பந்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ராபின்சன் தன் வாழ்நாளில் லீக் ஆட்டங்களில் மட்டும் 19 தடவை அதைச் செய்தார்.

1919 ஜனவரி 31-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊரில் பிறந்தார். கெய்ரோ என்றதும் எகிப்துக்குப் போய்விடாதீர்கள், இது வேறே சின்ன ஊர். அடுத்தவன் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பம். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா மல்லி, ஐந்தையும் கூட்டிக்கொண்டு 1920-ல் ரயிலேறி கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்துக்கு வந்தார். வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த ஊர் நகராட்சி நீச்சல் குளத்தில் கறுப்புப் பிள்ளைகள் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இறங்கலாம்.

அண்ணன் மாக் ராபின்சனைப் பற்றி இங்கே சொல்லியே ஆகணும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டம். முதலில் வந்தவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ், 20.7 விநாடி. இரண்டாவது மாக், 21.1 விநாடி. ஹிட்லர் ஊரிலே போய் வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தவருக்குச் சொந்த ஊரில் கிடைத்த வேலை தெருக் கூட்டுவது. ஒலிம்பிக் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே அவர் தெருக் கூட்டினதாகச் சொல்வார்கள். தம்பி இதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தார்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜாக்கி நான்கு விளையாட்டுகளில் பல்கலைக்கழக அணியில் ஆடினார்: அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால். ஒருவரே நான்கிலும் ஆடியது அங்கே அதுதான் முதல் தடவை. 1940-ல் கல்லூரிகளுக்கிடையே நீளம் தாண்டுதலில் தேசிய சாம்பியன். அந்த நான்கில் மிகவும் மோசமாக ஆடினது எது தெரியுமா? பேஸ்பால்தான்! வாழ்க்கை எப்படியெல்லாம் திரும்புகிறது பாருங்கள். 1941-ல் பட்டம் வாங்காமலே படிப்பை விட்டுவிட்டார். வீட்டுக் கஷ்டம்.

1942-ல் ராணுவம். 1943-ல் செகண்ட் லெப்டினென்ட். 1944 ஜூலையில் டெக்சாஸில் உள்ள முகாமில் ஒரு நாள் ராணுவ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் போய் உட்காரச் சொன்னார் டிரைவர். போகவில்லை. ராணுவ பஸ்களில் நிறம் பார்த்து உட்கார வைக்கக்கூடாது என்று உத்தரவே இருந்தது, அதை அவர் தெரிந்து வைத்திருந்தார். விஷயம் முற்றி, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்று ராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். 9 அதிகாரிகள் விசாரித்து, குற்றமில்லை என்று விட்டார்கள். ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி பஸ்ஸில் இடம் தர மறுத்துப் பெரிய போராட்டம் எழுந்தது 1955-ல். இது அதற்கு 11 வருஷம் முந்தி.

அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று தனி லீக்குகள் இருந்தன. 1945-ல் கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் ஜாக்கி சேர்ந்தார். அணி பஸ்ஸிலேயே ஊர் ஊராக அலையும். பல ஊரில் ஓட்டலுக்குள் விடமாட்டார்கள். அந்த ஆகஸ்ட் 28-ந் தேதி, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணித் தலைவர் பிராஞ்ச் ரிக்கி இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ரிக்கி ஒரு நாடகமே ஆடிக் காட்டினாராம்: ரூம் கொடுக்காத ஓட்டல்காரனாக, காலால் மிதிக்கிற எதிரணிக்காரனாக, வாய்க்கு வந்தபடி திட்டுகிற ரசிகனாக. இத்தனைக்கும் திருப்பிக் கை ஓங்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. ஒருமுறை சண்டை போட்டாலும் இதைச் சாக்கு வைத்தே பின்னால் வரப்போகிற எல்லாருக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று சொன்னார். ராபின்சன் ஒப்புக்கொண்டார். பஸ்ஸிலே எழுந்திருக்க மறுத்த அதே ஆள்தான்!

ரிக்கி நியாயஸ்தர்தான். வியாபாரியும்கூட. நல்ல ஆட்டக்காரர்களும் புது ரசிகர் கூட்டமும் ஒரே சமயத்தில் கிடைப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மொனார்க்ஸ் அணிக்கு ஒரு டாலர்கூட நஷ்ட ஈடு தரவில்லை. அடுத்தடுத்து நல்ல ஆட்டக்காரர்கள் இப்படிப் போகப் போக, கறுப்பர்களின் லீக்குகள் சில வருஷத்தில் நசிந்து போயின. இதைச் சொல்லாமல் ரிக்கியைப் புகழ எனக்கு மனசு வரவில்லை.

1946-ல் ராக்கேலைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வருஷம் கனடாவில் மாண்ட்ரியல் அணியில் ஆடி, லீக்கிலேயே முதல் மட்டை வீரர் ஆனார். அடுத்த வருஷம் ஏப்ரல் 15, 1947. புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம். 26,000 பேருக்கு மேல் கூட்டம், அதில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். 42-ஆம் எண் சட்டையோடு, 28 வயசிலே, ராபின்சன் இறங்கினார். முதல் நாள் ஒரு நல்ல அடிகூட விழவில்லை. ஆனால் ஒரு ரன் எடுத்தார், அணி ஜெயித்தது.

சொந்த அணியிலேயே சிலர் இவரோடு ஆடமாட்டோம் என்று மனு எழுதக் கிளம்பினார்கள். மேனேஜர் லியோ டுரோச்சர் அதை முளையிலேயே கிள்ளினார். பிலடெல்பியா அணியின் மேனேஜர் பென் சாப்மேன் மைதான ஓரத்தில் நின்று காது கூசும்படி திட்டினார். தன் ஆட்களையும் திட்ட வைத்தார். பந்தை உடம்பைப் பார்த்து எறிந்தார்கள். ஆணி வைத்த ஷூவால் காலை மிதித்தார்கள். கொன்றுவிடுவோம் என்று மொட்டைக் கடுதாசிகள் வந்தன. ராபின்சன் வாய் திறக்கவில்லை. தளம்தான் திருடினார், 29 தடவை, லீக்கிலேயே அதிகம். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

1949-ல் அந்த வாய்ப்பூட்டைக் கழற்றலாம் என்று ரிக்கி சொல்லிவிட்டார். இனி திட்டினால் திருப்பிச் சொல்லலாம், நடுவரிடம் வாதாடலாம். அந்த வருஷ ஆட்டத்தைப் பாருங்கள். மட்டைச் சராசரி .342, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 342 நல்ல அடி என்ற கணக்கு. லீக்கில் முதல் இடம். 203 அடிகள், 122 ரன்கள், அடித்து உள்ளே கொண்டுவந்த ரன்கள் 124, திருட்டு 37. பழைய மட்டை வீரர் ஜார்ஜ் சிஸ்லரிடம் பாடம் கேட்டதும் உதவியது. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டதும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. மனுஷனுக்கு மூச்சு விட இடம் கிடைத்தால் ஆட்டமும் வராதா?

அதே 1949-ல் அவருக்கு ஒரு சறுக்கலும் உண்டு. பால் ராப்சன், உலகமே கொண்டாடிய கறுப்பினப் பாடகர், இடதுசாரி. அவருடைய பேச்சை மறுத்து நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொல்ல ராபின்சனைக் கூப்பிட்டார்கள். ஜூலை 18-ந் தேதி போய்ச் சொன்னார். நிறவெறியையும் அங்கேயே கண்டித்தார், ஆனால் பத்திரிகைகள் ராப்சனுக்கு எதிராகச் சொன்னதைத்தான் பெரிசாகப் போட்டன. ராப்சனுடைய பாஸ்போர்ட்டையே அடுத்த வருஷம் பறித்தார்கள். வயசான பிறகு எழுதின சுயசரிதையில், ராப்சன் மேல் தனக்கு மதிப்பு கூடியிருப்பதை ராபின்சன் ஒப்புக்கொண்டார். பரவாயில்லை, ஒப்புக்கொண்டாரே.

அந்த வருஷக் கடைசியில்தான் லாண்டிஸ் பெயர் போட்ட பட்டயம் கைக்கு வந்தது. அதற்குப் பின் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1949 முதல் 1959 வரை நேஷனல் லீக்கில் இந்தப் பரிசு 11 தடவை கொடுக்கப்பட்டது. அதில் 9 தடவை வாங்கினவர்கள் கறுப்பர்கள்: ராபின்சன், ராய் கம்பனெல்லா மூன்று தடவை, வில்லி மேஸ், டான் நியூகோம்ப், ஹாங்க் ஆரன், எர்னி பேங்க்ஸ் இரண்டு தடவை. இத்தனை பேரையும் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துக்கொண்டுதான் அதுவரைக்கும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! இன்னொரு பெரிய லீக்கான அமெரிக்கன் லீக்கில் எல்ஸ்டன் ஹவார்டு என்ற முதல் கறுப்பர் இந்தப் பரிசை வாங்க 1963 ஆயிற்று.

1955-ல் டாட்ஜர்ஸ் யாங்கீஸை ஜெயித்து உலகத் தொடரை வாங்கியது. முதல் ஆட்டத்தில் 36 வயசு ராபின்சன் கடைசித் தளத்தைத் திருடினார். 1956 முடிவில் வேறு அணிக்கு விற்றார்கள். போகாமல் ஓய்வு பெற்று ஒரு காபிக் கம்பெனியில் துணைத் தலைவரானார். 1962-ல் புகழ் மண்டபத்தில் இடம். மார்ட்டின் லூதர் கிங்கோடு சேர்ந்து உரிமைப் போராட்டத்தில் உழைத்தார்.

ஆனால் எந்த அணியும் அவரை மேனேஜராகக் கூப்பிடவில்லை. இதைப் படிக்கும்போது நம்ம நாட்டு பால்வங்கர் பாலு ஞாபகம் வந்தார். தலித் குடும்பத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை பார்த்து, அற்புதமான சுழற்பந்து வீச்சாளர் ஆனவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பந்தை அவர் கையிலிருந்து வாங்குவார்கள். டீ மட்டும் வெளியே, தனி மண் குவளையில். இந்துக்கள் அணிக்குக் கேப்டன் பதவி அவருக்குக் கடைசி வரை வரவில்லை, 1923-ல் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. பாலு இறந்தது 1955 ஜூலையில். மூன்று மாதம் கழித்துத்தான் ராபின்சன் அங்கே உலகத் தொடர் ஜெயித்தார். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியில்லை.

ராபின்சனுடைய கடைசிக் காலம் சோகம். சர்க்கரை, இருதய நோய், கண் பார்வை மங்கிவிட்டது. மூத்த மகன் ஜாக்கி ஜூனியர் வியட்நாம் போரில் காயம்பட்டு, போதைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீண்டு வந்த நேரத்தில் 1971-ல் கார் விபத்தில் இறந்தான். வயசு 24. அடுத்த வருஷம் அக்டோபர் 15, உலகத் தொடர் ஆட்டத்துக்கு முன்னால் ராபின்சனை மைதானத்துக்கு அழைத்துப் பாராட்டினார்கள். நன்றி சொன்னார். அதோடு விடவில்லை. ஆட்டக்காரர்களில் இத்தனை கறுப்பர்கள் இருந்தும் மேனேஜர் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைக்கூடக் காணவில்லையே என்று அந்த மேடையிலேயே கேட்டார். 9 நாள் கழித்து, 1972 அக்டோபர் 24-ல், 53 வயசில் காலமானார்.

1975 ஏப்ரல் 8-ல் கிளீவ்லாந்து அணிக்கு ஃபிராங்க் ராபின்சன் முதல் கறுப்பின மேனேஜரானார். சொந்தக்காரர் இல்லை, பெயர் ஒற்றுமைதான். இரண்டு லீக்கிலும் இதே பட்டயம் வாங்கினவர். அன்றைக்கு முதல் பந்தை வீசி ஆட்டத்தைத் தொடங்கி வைக்க ராக்கேல் வந்திருந்தார்.

1997-ல் 42 என்ற எண்ணை எல்லா அணிகளிலும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். லாண்டிஸ் பெயர் மட்டும் பட்டயத்தில் அப்படியே இருந்தது. 2020-ல்தான், பழைய பட்டயதாரர்களான பாரி லார்கின், டெர்ரி பெண்டில்டன், மைக் ஷ்மிட் ஆகியோர் அந்தப் பெயரைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அந்த அக்டோபரில் பத்திரிகையாளர்கள் மறுபடி ஓட்டுப் போட்டார்கள், இந்தத் தடவை ஆட்டக்காரருக்காக இல்லை. பெயர் எடுக்கப்பட்டது. ராபின்சன் அதை வாங்கி 71 வருஷம் ஆகியிருந்தது.