தூண்டிற்கோல் பிடித்த எழுத்தாளர்

எடுத்த செயலில் வெற்றி காண விழைவோர்க்கு உழைப்பு மட்டும் போதாது. தோல்வியைத் தாங்கும் பொறுமையும் வேண்டும். இவ்வுண்மையை எழுத்திலும் தூண்டிலிலும் ஒருங்கே கண்டவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே ஆவார்.

இவர் 1872-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள், ஒகையோ மாநிலத்து ஜேன்ஸ்வில் நகரில் பிறந்தார். அந்நகரை நிறுவியவர் இவருடைய தாய்வழி முன்னோர். தந்தையார் பல் மருத்துவர். சிறுவர் கிரேக்கோ ஆற்றங்கரையும் கதை நூல்களுமே உலகமாக இருந்தன. மகன் எழுதிய முதற் கதையைக் கண்ட தந்தையார் வெகுண்டு அதனைக் கிழித்தெறிந்தார். எனினும் அவ்வார்வம் அழியவில்லை.

தந்தையாரின் விருப்பப்படி கிரே 1896-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்று, நியூயார்க்கில் தொழில் நடத்தினார். பகலெல்லாம் மருத்துவம், இரவெல்லாம் எழுத்து என்று நாள்கள் கழிந்தன. முதல் நாவலை ஏற்பார் இன்மையால் 1903-இல் தாமே அதனை அச்சிட்டார். 1905-இல் இவரை மணந்த லீனா ராத் என்னும் அம்மையார், கையெழுத்துப் படிகளைத் திருத்தியும் வரவு செலவுகளைக் கவனித்தும் உற்ற துணையாக விளங்கினார். 1912-இல் வெளிவந்த ‘ரைடர்ஸ் ஆப் தி பர்ப்பிள் சேஜ்’ என்னும் நாவல் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

புகழும் பொருளும் வந்தபின் கிரே கடலை நாடினார். புளோரிடாவின் தென்முனையில் தொடராக அமைந்த தீவுகளுள் ஒன்று லாங் கீ. அதனைச் சூழ்ந்த ஆழமற்ற கடல்வெளியில் போன்பிஷ் என்னும் மீன் வாழ்கின்றது. எடையோ சில இராத்தல்களே. பிடிப்பதோ மிக அரிது. கடல் ஏறும்போது அது முழங்காலளவு நீருக்குள் வந்து, தலையைத் தாழ்த்தி நண்டும் இறாலும் தேடித் தின்னும். அப்போது வாலின் நுனி மட்டும் நீருக்கு மேல் மின்னும். அதன் வெள்ளிச் செதில்கள் கண்ணாடிபோல் அடிமணலின் நிறத்தையே காட்டுதலால், அருகில் நின்றாலும் அது கண்ணுக்குப் புலப்படாது. படகில் சிறு ஒலி எழுந்தாலும், மனித நிழல் விழுந்தாலும் நொடியில் மறையும். முள்ளில் சிக்கினாலோ ஒரே பாய்ச்சலில் நூறு கெஜத்திற்கும் மேலாக நூலை இழுத்துச் செல்லும்.

பெருமீன்களை வென்ற கிரேயை இச்சிறுமீன் பலமுறை ஏமாற்றியது. இரையை மெல்லத் தொடும் அதன் அசைவைக் கை உணர்வதற்கு நெடுநாள் பயிற்சி தேவைப்பட்டது. அவர் சலிப்படையாது அதன் இயல்பைக் கற்றார். கற்றவற்றை 1919-இல் வெளியிட்ட மீன்பிடி நூலில் விரித்துரைத்தார்.

அக்காலத்தில், உண்பதற்கன்றி விளையாட்டிற்காகவே மீன்களைக் கொன்று வீணாக்குவோர் பலர் இருந்தனர். 1917-இல் லாங் கீயில் அமைந்த மீன்பிடிப்போர் கழகத்திற்குக் கிரே முதல் தலைவரானார். கொலையைக் கட்டுப்படுத்தலும், மெல்லிய கருவிகளைப் பயன்படுத்தலும், புதியோர்க்கு நெறி கற்பித்தலும் அக்கழகத்தின் நோக்கங்கள். கிரேயும் குறையற்றவர் அல்லர். வேட்டை வேட்கையை அவர் முற்றும் துறந்தாரில்லை. 1930-இல் தாகித்தித் தீவருகே அவர் பிடித்த மார்லின் மீன், சுறாக்கள் கடித்தது போக 1040 இராத்தல் இருந்தது. எனினும், அளவின்றிக் கொல்லுதல் கடலை வறிதாக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

லாங் கீ முகாமை 1935-ஆம் ஆண்டின் கடும் புயல் அழித்தது. கிரேயும் 1939-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாள் மறைந்தார். 1947-இல் ஜோ புரூக்ஸ் என்பவர், இறகு முதலியவற்றால் புனைந்த செயற்கைப் பூச்சியைக் கொண்டே அத்தீவுக்கடலில் போன்பிஷ் பிடித்துக் காட்டினார். பிற்காலத்தில் புளோரிடா மாநிலம், பிடித்த போன்பிஷ்ஷை உயிருடன் நீரில் விட்டுவிட வேண்டும் என்று விதி செய்தது.

அன்று சிலர் நெஞ்சில் முளைத்த எண்ணம் பின்னர்ச் சட்டமாயிற்று. வெல்லும் ஆற்றல் பெரிது. வென்றதை வாழவிடும் பண்பு அதனினும் பெரிது.