நடிகர் கான்ராட் வைட்

திரையில் கொடியவராகத் தோன்றுவோரை வாழ்விலும் கொடியவரென்றே கருதிவிடுதல் மக்கள் இயல்பு. அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதற்கு ஜெர்மானிய நடிகர் கான்ராட் வைட்டின் வாழ்க்கையே சான்றாகும். அதனைச் சுருக்கமாக ஈண்டுக் காண்போம்.

1893-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்த இவர், நாடகப் பேராசான் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் அரங்கில் பயின்றார். முதல் உலகப் போரில் கிழக்குப் போர்முனைக்குச் சென்று நோயுற்றுத் திரும்பினார். 1920-இல் வெளிவந்த ‘டாக்டர் காலிகாரியின் காபினெட்’ என்னும் ஊமைப் படத்தில், உறக்கத்தில் நடந்து சென்று கொலை புரியும் சேசரேயாக நடித்து உலகப் புகழ் எய்தினார். மறு ஆண்டு ‘இந்தியக் கல்லறை’ படத்தில் நம் நாட்டு மகாராஜாவாகவும் வேடம் புனைந்தார். அப்படத்தின் அரண்மனையும் கோயிலும் ஜெர்மன் மண்ணிலேயே எழுப்பப்பட்டவை.

பின்னர் ஹாலிவுட் சென்று, 1928-இல் ‘சிரிக்கும் மனிதன்’ படத்தில் நடித்தார். அச்சமயம் பேசும் படம் தலையெடுத்தது. ஆங்கிலம் சரளமாக வாராமையால் 1929-இல் தாயகம் திரும்பினார். அயல்மொழியிலே அலுவல் பார்க்கும் நமக்கு அவர் பட்ட இடர் விளங்காததன்று.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டிலேயே வைட், யூத குலத்தவரான லில்லி அம்மையாரை மணந்தார். திரைத்துறையினர் தத்தம் இனத்தைக் குறிக்க வேண்டிய படிவத்தில், யூதரல்லாத அவர் தம்மையும் யூதர் என்றே எழுதினார் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் உரைக்கின்றனர். படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதும் ஒரு சொல் மனிதனின் தலையெழுத்தையே மாற்றவல்லது என்பதை நாள்தோறும் படிவங்களோடு உழலும் நாம் நன்கறிவோம். புகழையும் பொருளையும் துறந்து மனைவியுடன் இங்கிலாந்து ஏகினார். 1939-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார்.

1940-இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில் வஞ்சக மந்திரி ஜாஃபராக அவர் நடிக்க, மைசூர்ச் சீமையில் யானைப் பாகனின் மகனாய்ப் பிறந்த சாபு அவரை எதிர்த்து நின்றார். போர்க்காலத்தில் தம் வருவாயின் பெரும் பகுதியைப் பிரிட்டனின் போர் நிவாரணத்திற்கு ஈந்தார். நாஜிகளாக நடிப்பதானால் அவர்களைத் தீயோராகவே காட்ட வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். 1942-இல் வந்த ‘காசாபிளாங்கா’ படத்தின் மேஜர் ஸ்ட்ராசர் வேடம் அவ்வாறமைந்ததே. தாம் வெறுத்து விலகிய கூட்டத்தாரின் சீருடையை அணிந்து, அவர்தம் கொடுமையை உலகறியச் செய்தார்.

1943 ஏப்ரல் 3-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் கோல்ஃப் ஆடுகையில் மாரடைப்பால் உயிர் நீத்தார். அப்போது வயது ஐம்பதே. ஹிட்லரின் வீழ்ச்சியைக் காண அவர் இருந்திலர்.

பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த நமக்கு, விடுப்பு எடுத்து ரயிலேறினால் சொந்த ஊர் காத்திருக்கிறது. மனைவியின் மானம் காக்க ஊர் துறந்த அவருக்கோ, பிறந்த பெர்லின் மீண்டும் வாழும் ஊராக வாய்க்கவேயில்லை.