நடந்து தேய்ந்த கால்கள்

கொடைக்கானல் மலையடியில், மஞ்சளாற்று வளம் பெற்ற ஊர் வத்தலக்குண்டு. ‘கமலாம்பாள் சரித்திரம்’ இயற்றிய ராஜமய்யரும், மணிக்கொடி எழுத்தாளர் பி. எஸ். ராமையாவும் பிறந்த அவ்வூரே, 1912 செப்டம்பர் 29இல் பிறந்த சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊரும் ஆகும்.

வயலும் வரப்பும் ஆற்றுமணலுமாக விரிந்த அந்நிலத்தின் மனிதரையும் மாட்டையும் நெருங்கி அறிந்தவர் அவர். அவ்வறிவே ஜல்லிக்கட்டைக் களமாகக் கொண்ட ‘வாடிவாசல்’ ஆயிற்று.

காந்திய நெறியில் நின்று விடுதலைப் போரில் சிறை ஏகினார். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்து, 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். யாப்பின் வரப்பைத் தாண்டிய கவிதைக்கு அந்நாளில் புகலிடம் அரிது. ந. பிச்சமூர்த்தி முதல் இளைஞர் பிரமிள் வரை அங்கே எழுதினர். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுப்பாயின.

அச்சிட்ட நூல்களை நாடி வாங்குவோர் மிகச் சிலரே. ஆகவே கதராடையும் நூற்கட்டுமாக அவரே ஊர் ஊராகப் புறப்பட்டார். கல்லூரிதோறும் பள்ளிதோறும் படியேறினார். பத்துப் பிரதி விற்றாலும் ஒன்றும் விற்காவிடினும் மறுநாள் அடுத்த ஊர்.

1970இல் இதழ் நின்றது. அவர் நடை நிற்கவில்லை. பரிசுகளை ஏற்க மறுத்து வாழ்ந்தார். முதுமையில் ‘சுதந்திர தாகம்’ நாவலைத் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பர் 18இல் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்ததோ 2001இல்.

புதுக்கவிதை இன்று அகன்ற சாலை. அதன் தொடக்கத்து ஒற்றையடித் தடத்தில், வத்தலக்குண்டு வரப்பில் பழகிய அக்கால்களின் சுவடும் உண்டு.