பிங்க் ஃப்ளாய்டுக்கு 50 சரி, அதே வயசுள்ள கல்கத்தா ஆல்பம் தெரியுமா? ஆனந்த சங்கரின் கதை

பாறசாலையில் ரயில் ஏறி, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் எல்லாம் தாண்டி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போனால், உங்க தமிழில் மலையாளம் ஒட்டியிருக்கு என்பார்கள். இந்தப் பக்கம் ஆபீஸில், உங்க மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்குது என்பார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு என்று கோடு போட்டுவிட்டார்கள். இஞ்சிவிளைப் பக்கம் வீட்டில் பேசுகிற பேச்சு மட்டும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை.

இரண்டு பக்கத்திலும் இப்படிக் கொஞ்சம் வெளியாளாகவே பார்க்கப்பட்ட ஒரு இசைக்காரரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இவர் கலந்தது மொழிகளை அல்ல, சித்தாரையும் ராக்கையும்.

2025 செப்டம்பரில் உங்க ஃபீடில் பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1975 செப்டம்பர் 12-இல் வந்தது அது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2023-இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துக்கும் இதே கொண்டாட்டம். ப்ரோக்ரெசிவ், சைக்கடெலிக் என்று பேர் வாங்கிய அந்தக் காலத்து ராக் ஆல்பங்கள் ஒவ்வொன்றாக அரை நூற்றாண்டைத் தாண்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் புதுப் பதிப்பு, பெட்டி செட், நீளமான கட்டுரைகள்.

அதே 1975-இல் கல்கத்தாவிலிருந்து ஒரு ஆல்பம் வந்தது. பெயர் 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்'. அதற்கும் 50 வயசு ஆச்சு. பெரிசா யாரும் கேக் வெட்டின மாதிரி தெரியல.

யார் இந்த ஆனந்த சங்கர்?

சங்கர் என்றதும் உங்களுக்கு ரவி சங்கர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. அவர் ஆனந்தனின் சித்தப்பா. அப்பா, நவீன இந்திய நடனத்தின் முன்னோடி உதய் சங்கர். அம்மா அமலா சங்கரும் நடனக் கலைஞர். நடிகை மமதா சங்கர் தங்கை. 1942 டிசம்பர் 11-இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ஆனந்தன் பிறந்தார்.

ஏன் அல்மோரா? உதய் சங்கர் அங்கே ஒரு கலை மையம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே பாடம் சொன்னவர்களைப் பாருங்கள். கதகளிக்கு கேரளத்துச் சங்கரன் நம்பூதிரி. பரதத்துக்கு பாலசரஸ்வதியின் குருவான நம்ம கந்தப்ப பிள்ளை. மணிப்புரிக்கு அமோபி சிங். இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான். நாட்டின் நாலு மூலையும் ஒரே வளாகத்துக்குள் இருந்தது. பையன் பிறந்ததே ஒரு கலப்புக்குள்தான். பிற்பாடு அவர் செய்த இசையை அமெரிக்க மோகம் என்று ஒதுக்கியவர்கள் இந்தப் பிறந்த இடத்தை மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

பணம் இல்லாமல் மையம் மூடியது. உதய் சங்கர் அடுத்து வந்தது சென்னைக்கு. ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' என்ற நடனப் படத்தை எடுத்தார். 1948-இல் அது வெளியானபோது ஆனந்தனுக்கு வயசு 5. அதே படத்தில்தான் திருவனந்தபுரம் பூஜப்புரையிலிருந்து வந்த ஒரு பெண் முதன்முதலாகத் திரையில் ஆடினார். பின்னாளில் 'தில்லானா மோகனாம்பாள்' ஆன பத்மினிதான் அவர். நீங்கள் ரயிலில் போகிற அதே ஊர்.

வளர்ந்த பிறகு சித்தார் கற்றுக்கொள்ள ஆனந்தன் சித்தப்பாவிடம் போகவில்லை. காசியில், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் பண்டிட் லால்மணி மிஸ்ராவிடம் போனார். இது சின்ன விஷயம் இல்லை. உங்க துறையிலேயே உலகப் பிரபலமான ஒரு சித்தப்பா இருக்கிறார் என்று வையுங்கள். அவர் பேரைச் சொன்னாலே வேலை கிடைக்கும். நீங்கள் வேறு ஆபீஸில் டிரெய்னியாகச் சேர்வீர்களா?

லாஸ் ஏஞ்சலஸில் என்ன நடந்தது?

1967-இல் பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பாட்டு முழுக்க இந்திய வாத்தியங்களால் நிரப்பினார். அதே வருஷம் ஜூனில் மாண்டரே திருவிழாவில் ரவி சங்கர் வாசித்தார், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிதாரைக் கொளுத்தினார். வாத்தியத்தைக் கொளுத்துவதை ரவி சங்கரால் தாங்கவே முடியவில்லை. ஹிப்பிகள் போதையோடு ராகத்தைச் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. மெல்ல விலகிக்கொண்டார்.

அண்ணன் மகன் நேர் எதிர். அறுபதுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் ராக் இசைக்காரர்களோடு உட்கார்ந்து வாசித்தார். அவர்களில் ஹெண்ட்ரிக்ஸும் ஒருவர். ஹெண்ட்ரிக்ஸின் அமெரிக்க ரெக்கார்டுகளை வெளியிட்ட, ஃபிராங்க் சினாட்ரா தொடங்கிய ரீப்ரைஸ் நிறுவனம் ஆனந்தனையும் ஒப்பந்தம் செய்தது. 1970-இல் அவர் பேரிலேயே முதல் ஆல்பம் வந்தது. அப்போது அவருக்கு 27 வயசு.

அந்த ஆல்பத்தில் ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஜம்பின் ஜாக் ஃப்ளாஷ்', டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' இரண்டும் சித்தாரில் வருகின்றன. பலரும் முதலில் தேடிக் கேட்பது இவற்றைத்தான். எனக்கு இந்த இரண்டும் கொஞ்சம் வித்தை காட்டுகிற மாதிரிதான் படுகிறது. விஷயம் இருப்பது 'சாகர்' என்ற, 13 நிமிஷம் போகிற பாட்டில். பால் லெவின்சன் வாசிக்கும் மூக் சிந்தசைசர் அடியில் அலை மாதிரி வந்துகொண்டே இருக்கும். சித்தார் எந்த அவசரமும் இல்லாமல் மேலே ஏறும். மூக் அப்போது புத்தம்புது வாத்தியம், அதைச் சித்தாரோடு சேர்த்தவர்கள் மிகக் குறைவு. ப்ரோக்ரெசிவ் ராக்காரர்கள் ஒரு பாட்டை ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆலாபனை கேட்டு வளர்ந்த ஒருவருக்கு 13 நிமிஷம் ஒரு நீளமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேற்கத்திய ராக்கில் பெரும்பாலும் சித்தார் ஒரு மசாலா. மேலே தூவினால் கிழக்கு வாசனை வரும், அவ்வளவுதான். ஆனந்தனிடம் சித்தார்தான் சோறு, டிரம்ஸும் பேஸ் கிதாரும்தான் கூட்டு, பொரியல்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். மிருணாள் சென் இயக்கிய 'கோரஸ்' படத்துக்கு இசையமைத்து, 1974-ஆம் ஆண்டின் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை வாங்கினார். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த 1975 ஆல்பம்.

அதில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா', 'டான்ஸிங் டிரம்ஸ்' என்று இரண்டு பாட்டுகள். முதல் ஆல்பத்தின் மிதக்கிற சுகம் இவற்றில் இல்லை. ஃபங்க் தாளம், நெருக்கியடிக்கிற டிரம்ஸ், குறுக்கே பாய்கிற சித்தார் என்று நிஜமாகவே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட உணர்வு. அமெரிக்காவில் கற்றுக்கொண்டதை நம்ம ஊர்த் தெருவில் இறக்கிவிட்டுப் பார்த்திருக்கிறார்.

என்ன வரவேற்பு? சாஸ்திரிய சங்கீதக்காரர்களுக்கு இது கச்சேரி இல்லை. சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கு இதில் பாட்டே இல்லை. மேற்கே சித்தார் மோகம் அதற்குள் வடிந்துவிட்டது. ஆக, ரெக்கார்டு கடையில் இதை எந்த அலமாரியில் வைப்பது என்பதே பிரச்சனை. அவர் நிற்கவில்லை. காட்டு விலங்குகளை வைத்து 1981-இல் 'ச-ரே-க மச்சான்' என்று ஒரு ஆல்பம் போட்டார். மனைவி தனுஸ்ரீ சங்கரின் நடனக் குழுவுக்கு இசை அமைத்தார். மரியாதை இருந்தது, ஆனால் இளைஞர்கள் தேடிப்போய் வாங்குகிற பெயராக அது இல்லை.

20 வருஷம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து தேடி வந்தார்கள். லண்டனில் பழைய ரெக்கார்டுகளைத் துருவிக்கொண்டிருந்த டிஜேக்கள் கையில் அந்த 1975 ஆல்பம் சிக்கியது. 1996-இல் ப்ளூ நோட் நிறுவனம் 'ப்ளூ ஜூஸ்' என்ற தொகுப்பில் மேலே சொன்ன இரண்டு பாட்டுகளையும் சேர்த்தது. அதே தாளத்துக்கு, பாட்டு வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் கிளப்பில் ஆடினார்கள். அவர்களில் நிறைய பேர் தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் இன்னொரு மொழி என்று வளர்ந்தவர்கள். இந்த இசை எந்த அலமாரி என்று அவர்கள் கேட்கவில்லை.

'ஸ்டேட் ஆஃப் பெங்கால்' என்ற பேரில் இயங்கிய லண்டன் டிஜே சாம் ஸமானோடு ஆனந்தன் சேர்ந்தார். 1998-இல் பிரிட்டனில் மேடைகளில் வாசித்தார். 55 வயசில், தன்னைவிட இருபது வயசுக்கு மேல் சின்னவர்களோடு. சேர்ந்து செய்த 'வாக்கிங் ஆன்' ஆல்பத்தைப் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம் வெளியிட்டது. ப்ரோக்ரெசிவ் ராக்கின் முக்கியக் குழுவான ஜெனிசிஸின் முதல் பாடகர்தான் அந்த கேப்ரியல். ஆனால் அந்த ஆல்பம் கடைக்கு வந்தபோது ஆனந்தன் இல்லை. 1999 மார்ச் 26-இல் கல்கத்தாவில், 56 வயசில், இதயம் நின்று காலமானார்.

இப்போது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஹிட் லிஸ்ட் பக்கம் போக வேண்டாம். நாளைக்கு ரயில் பாறசாலையை விட்டுக் கிளம்பும்போது 'சாகர்' போடுங்கள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா'வை நேமம் தாண்டி, எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நெருக்கும்போது வையுங்கள்.