கவாஸ்ஜியின் நெற்றி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சிவபெருமான் வைத்தியநாதர் என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கிறார். இறைவனையே வைத்தியனாகக் கண்ட நமது தேசத்தில், பெயரில்லாமல் மறைந்த வைத்தியர்கள் அநேகர். அத்தகைய ஒருவர் கையால் முகம் பெற்றுச் சரித்திரத்தில் நிலைத்தவர் கவாஸ்ஜி.

கவாஸ்ஜி பிரபு அல்லர், பண்டிதரும் அல்லர். உழவர் குலத்து மராட்டியர். 1792-ஆம் வருஷத்து மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். அரசர்களின் பகை ஓர் ஏழையின் உடலில் தீர்த்துக்கொள்ளப்பட்டது. கம்பெனி அவருக்கு உபகாரச் சம்பளம் அளித்தது. ஆயினும் ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாத முகத்துடனேயே அவர் வாழ நேர்ந்தது.

புனாவுக்கு அருகே செங்கல் செய்யும் ஜாதியினர் ஒருவர் அக்குறையைத் தீர்த்தார். மெழுகினால் மூக்கைப்போல் அச்சுச் செய்து, அதை நெற்றியில் விரித்து அளவு குறித்தார். அவ்வளவுக்குத் தோலை உரித்து, புருவ மத்தியில் மட்டும் ஒட்டியிருக்க விட்டு, கீழே திருப்பிப் பொருத்தினார். காசுக்கட்டிக் குழம்பு தடவிய துணியால் 4 நாட்கள் கட்டி, பிறகு நெய்யில் தோய்த்த துணியை வைத்தார். சுமார் 25-ஆம் நாளில் இடையிலிருந்த இணைப்பை அறுத்தார்.

1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மன்ஸ் மாகஸீன் பத்திரிகை இவ்வரலாற்றைக் கவாஸ்ஜியின் படத்துடன் வெளியிட்டது. கார்ப்யூ என்னும் ஆங்கில ரண வைத்தியர் 1814-இல் இம்முறையைக் கையாண்டு, 1816-இல் நூலாக வெளியிட்டார். மேனாட்டில் இக்கலை மீண்டும் தழைக்க அதுவே வித்தாயிற்று.

அப்பத்திரிகை மூக்கை மட்டும் பார்க்கவில்லை. நெற்றித் தழும்பும் நாளடைவில் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று குறித்தது. நாம் கவனிக்கவேண்டியது இதுவே. தோல் பெற்ற இடத்தைப்போலவே தோல் கொடுத்த இடமும் ஆறவேண்டும். இன்று தீப்புண்ணுக்காகத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டும்போது, ஒட்டிய புண்ணைவிட எடுத்த இடமே நோயாளியை அதிகம் வருத்துவதுண்டு. அடியில் எஞ்சிய மயிர்க்கால்களிலிருந்தும் வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும் புதுத்தோல் படர்ந்து, சாதாரணமாக இரண்டு வாரங்களில் மூடும். புண் காய்ந்து வறள்வதைவிட ஈரப்பதத்துடன் இருந்தால் விரைவில் தோல் படர்கிறது என்பதை 1962-இல் இங்கிலாந்தில் வின்டர் என்பவர் பன்றிகளின் புண்களில் கண்டார். ஒட்டிப் பிடித்த துணியை உரிக்கும் வேதனை வேறு. கிருமி நீக்கிய வாழையிலையைக் கொண்டு இப்புண்களைக் கட்டும் முறையை நமது மும்பை வைத்தியர்கள் 2003-இல் எழுதி வெளியிட்டனர். இலை புண்ணில் ஒட்டுவதில்லை, விலையும் சொற்பம்.

கவாஸ்ஜியின் பெயரை அச்சிட்ட பத்திரிகை, அவருக்கு முகம் தந்தவரின் பெயரை அச்சிடவில்லை. அந்நியரைக் குறை கூறுமுன் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்: செங்கல் சூளையில் வளர்ந்த அக்கலையை நமது படித்தவர்கள் எங்கே எழுதிவைத்தார்கள்? பழம்பெருமை பேசுவதால் மட்டும் அக்கடன் தீராது. தோல் கொடுத்த புண்ணையும் ஒட்டிய புண்ணுக்கு நிகராகப் பேணும் ஆஸ்பத்திரிகளே அந்தக் கைவினைஞருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.