புகழ்ச்சோழ நாயனாரும் திறைப்போரும்

அறுபத்துமூவருள் முடிமன்னராய் விளங்கினார் சிலர். அவருள் புகழ்ச்சோழ நாயனார் வரலாறு, ஆட்சிவலிமை பெருக்குதற்பொருட்டுச் செய்யும் கொலை அறமாகுமா என்னும் வினாவிற்கு விடைதருவது. அதனைப் பாடிய சேக்கிழார் பெருமான், யாம் வதியும் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே அணித்தாயுள்ள குன்றத்தூரிற் பிறந்தவர். அநபாயர் எனப்பெறும் இரண்டாங் குலோத்துங்க சோழர்க்கு (1133–1150) அமைச்சராய் அமர்ந்து, படையும் திறையும் இன்னவென அறிந்தவர். தம் அரசர் குலத்து முன்னோர் ஒருவர் தமதென ஏற்ற பெரும்பிழையை அவர் மறையாது பாடினமை கருதற்பாலது.

உறையூரில் அரசு வீற்றிருந்த புகழ்ச்சோழர், கொங்கரும் குடபுலத்து மன்னரும் தரும் திறையைக் கொள்ளுதற்பொருட்டுக் கருவூரை அடைந்து, ஆனிலைத் திருக்கோயிலை வழிபட்டு அங்கே தங்கினார். அவருடைய பட்டத்துயானை, சிவகாமியாண்டார் கொணர்ந்த திருப்பள்ளித்தாமத்தைப் பறித்துச் சிந்த, எறிபத்த நாயனார் அவ்யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். படையொடு சினந்து வந்த வேந்தர், நிகழ்ந்தது தெரிந்தவுடன், அத்தண்டம் போதாதென்று, தம்மையும் கொல்லுமாறு தம் வாளை நீட்டினார். திருவருளால் இருவரும் உய்ந்தனர். பாகரோடு யானையும் எழுந்தது. தம் ஆட்சியில் நிகழும் தீங்கிற்குத் தாமே பொறுப்பாவார் என்னும் உள்ளம் அன்றே அவர்பால் இருந்தது.

பின்னர், அதிகன் என்னும் மன்னன் திறை செலுத்தாமையை அமைச்சரால் அறிந்து, அவன்மேற் படையை ஏவினார். சேனை மலையரணை அழித்தது. அதிகன் கானகத்தில் ஓடி ஒளிந்தான். வெட்டுண்ட தலைகள் குவியலாய்க் கருவூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்றிற் சடை கண்டார் வேந்தர், நடுங்கி அழுதார். அமைச்சரையோ பொருத படைஞரையோ அவர் குறைகூறிற்றிலர். மைந்தனுக்கு முடிசூட்டப் பணித்து, நீறணிந்து, அத்தலையைப் பொற்கலத்தில் வைத்துத் தம் முடிமேற் கொண்டு, ஐந்தெழுத்தோதி எரிபுகுந்தார்.

ஈண்டு ஒரு தடை நிகழும்: சடைத்தலை ஒன்றிற்கே இரங்கினார், ஏனைத் தலைகட்கு இரங்கிலரே என்பர். இத்தடை எளிதில் தள்ளற்பாலதன்று. வேந்தர் கண்ணைத் திறந்தது அச்சடையே என்பது உண்மை. ஆயினும் உயிரனைத்தும் இறைவனுக்கு அடிமை என்பதும், உடம்பு மலநீக்கத்தின்பொருட்டு அவன் தந்தருளிய கருவி என்பதும் நம் சித்தாந்தத் துணிபு. அக்கருவியைத் திறைகருதிப் பறித்தல், யாவர் உடம்பாயினும் குற்றமே. இறந்தார் தத்தம் வினையால் இறந்தார் எனின், அஃது ஏவினார்க்கு ஆகாமியம் ஏறுதலைத் தடுக்கமாட்டாது. குடிகாத்தற்குப் பகையைத் தடுத்தல் வேறு. ஆணை பெருக்குதற்கு உயிர்கோடல் வேறு.

கலிங்கப் போரில் மாண்டார்க்கு அசோகர் இரங்கினமையை அவர்தம் கல்வெட்டுக் கூறும். எனினும் கலிங்கத்தை அவர் விட்டிலர். நம் நாயனாரோ அரசையே துறந்தார். எரிபுகுதல் நமக்கு விதித்ததன்று. கொலையால் வந்த ஊதியத்தைக் கைவிடுதலே நாம் கொள்ளத்தக்கது.

எம்மூர்க்கு வடக்கேயுள்ள திருமுல்லைவாயிலில், குறும்பரொடு பொருத தொண்டைமான் தன் யானையின் காலைப் பிணித்த முல்லைக்கொடியை வாளால் அறுக்க, உள்ளிருந்த சிவலிங்கத்தின்மேல் அவ்வாள் பட்டது என்பது தலவரலாறு. மாசிலாமணீசர் இன்றும் சந்தனக்காப்பிலே காட்சியளிக்கின்றார். கொடியுள் இறைவன் இருந்தமையைத் தொண்டைமான் அறிந்திலன். பகைவர் நடுவே அடியார் இருந்தமையைப் புகழ்ச்சோழர் அறிந்திலர். முடியாட்சி ஒழிந்து குடியாட்சி நடைபெறும் இந்நாளிலும், படையை ஏவும் இடத்தில் இருப்பார் இவ்விரண்டையும் நினைத்தல் கடனாம்.