புச்சி பாபு நாயுடு

சென்னை மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்னும் பெருமாளிகை ஒன்று இருந்தது. அம்மாளிகைக்கு உரியவர் மோதவரப்பு வெங்கடமகிபதி நாயுடு. இம்முழுப் பெயரை அறிந்தோர் சிலரே. புச்சி பாபு என்றால்தான் கிரிக்கெட்டு ஆட்டத்தில் பற்றுடையோர் அறிவர்.

அவர் 1868ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய பாட்டனார் பாரி கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். வெள்ளை வணிகருக்கும் நாட்டு மக்களுக்கும் இடையே நின்று, பேச்சையும் வாணிகத்தையும் நடத்திக் கொடுப்பவரே துபாஷி எனப்பட்டார். அச்செல்வக் குடும்பத்தில் சிறுவரைப் பேணுவதற்கு ஆங்கில மாதர் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் சிறுவரைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்று, வெள்ளையர் ஆடும் கிரிக்கெட்டைக் காட்டி வந்தனர். இளமையிலேயே புச்சி பாபுவின் மனம் அவ்வாட்டத்தில் ஊன்றிவிட்டது.

சேப்பாக்கத்து ஆடுகளம், 1846ஆம் ஆண்டு ஆங்கிலேயர் நிறுவிய சென்னைக் கிரிக்கெட்டுச் சங்கத்தின் வசம் இருந்தது. அச்சங்கத்தில் இந்தியருக்கு இடமில்லை. அவர்கள் எதிர் அணியாக ஆட வந்தபோதும், ஆட்டக்காரர் தங்கும் மண்டபத்தில் நுழைதல் கூடாது. நண்பகலில் வெள்ளையர் மண்டபத்தில் அமர்ந்து உண்பர். இந்தியரோ வெளியே மரத்தடியில் அமர்ந்து உண்பர். வெயிலில் ஒரே பந்தின்பின் ஓடியவர்கள், நிழலைத் தேடும்போது இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர்.

இவ்விழிவைப் போக்கப் புச்சி பாபு கண்ட வழி, இந்தியருக்கெனத் தனிச் சங்கம் அமைப்பதாகும். 1888ஆம் ஆண்டு, எஸ்பிளனேடு வெளியில் மதராஸ் யுனைடெட் கிளப் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபது. சங்கத்தைத் தொடங்குதல் எளிது. ஆண்டுதோறும் ஆட்களைச் சேர்த்துப் பழக்கி, அதனைக் காத்தல் அன்றோ அரிது! கிரிக்கெட்டு பெருஞ்செலவு பிடிக்கும் ஆட்டம். மட்டையும் காற்காப்பும் வெள்ளாடையும் வாங்க இயலாத இளைஞர்களுக்கு, அவர் தம் கைப்பொருளைக் கொண்டே அவற்றை வாங்கிக் கொடுத்தார். தம் மாளிகைப் புல்வெளியில் அவர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அவரும் சிறந்த ஆட்டக்காரர். எனினும், பிறரை ஆட்டக்காரர் ஆக்கியதே அவர்தம் பெருஞ்செயல்.

இருபது ஆண்டுகள் சென்றன. ஆங்கிலேயரும் இந்தியரும் சமநிலையில் எதிர்நின்று ஆடும் பந்தயம் ஒன்றைச் சேப்பாக்கத்தில் நடத்த வேண்டும் என்று புச்சி பாபு விரும்பினார். ஆங்கிலேயச் சங்கத்தாரும் அதற்கு இசைந்தனர். 1908ஆம் ஆண்டு இறுதியில் பந்தயம் நடப்பதாக இருந்தது. அந்தோ! அந்நாள் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, நாற்பது வயதில் அவர் உயிர் நீத்தார். அவர் இல்லாமலேயே பந்தயம் நடந்தது.

பின்னர், 1915ஆம் ஆண்டுக்குப்பின் அப்பந்தயம் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் மாகாணப் போட்டியாக நிலைபெற்று, 1952 வரை தொடர்ந்தது. புச்சி பாபுவின் மக்கள் மூவர் அதில் ஆடினர். அவருள் ஒருவரான இராமசுவாமி, 1922ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். அவர் 1936ஆம் ஆண்டு, தம் நாற்பதாம் வயதில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டம் ஆடி, முதல் முறை 40 ஓட்டங்களும் மறுமுறை 60 ஓட்டங்களும் எடுத்தார்.